ஆக்லாந்தில் ஒன்பது சோடா மூடிகள்

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் தேன்மெழுகை எடுத்துக்கொண்டார்கள். நெல்லிக்காய் அளவு உருண்டை, அவ்வளவுதான். நான் மோர்சிங் வாசிக்கிறவன். சுருதியைக் கொஞ்சம் இறக்க வேண்டுமென்றால் அந்தக் கருவியின் இரும்பு நாக்கில் ஒரு துளி மெழுகை ஒட்டுவோம். அது இல்லாமல் கச்சேரிக்குக் கிளம்புவது கரண்டி இல்லாமல் சமையல்காரர் கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி.

“தேனீ சம்பந்தப்பட்ட எதையும் உள்ளே விட முடியாது” என்றார் சீருடைப் பெண்மணி. நான்கு முறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னார். நம் ஊரில் அமைச்சர்களுக்குத் தருகிற பாதுகாப்பை இந்த ஊரில் தேனீக்களுக்குத் தருகிறார்கள். இது எதற்கு என்று அவர் கேட்டதால் மோர்சிங்கைப் பல்லில் பொருத்தி அங்கேயே நாலு ஆவர்த்தனம் வாசித்துக் காட்டினேன். அப்போது ஒரு சின்ன நாய் வந்து என் எதிரில் அமைதியாக உட்கார்ந்து என்னையே பார்த்தது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் ரசிகர் என்று நெகிழ்ந்துபோனேன். அது அப்படி உட்கார்ந்தால் பையில் ஏதோ உணவுப் பொருள் இருக்கிறது என்று அர்த்தமாம். என் மனைவி வைத்த கறிவேப்பிலைக் கட்டும் மெழுகோடு சேர்ந்து போயிற்று. படிவத்தில் இரண்டையும் எழுதிக் கொடுத்திருந்ததால் என்னை விட்டுவிட்டார்கள்.

நான் எதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, மாலையில் மோர்சிங்காரன். முப்பது வருடமாக மேடையின் ஓரத்தில், பாதி உடம்பு திரைக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்து பழக்கம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மோதி முடித்த பிறகு எனக்கு இரண்டு நிமிடம் வரும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் சபாக்காரர்கள் கேண்டீனுக்குப் போய்வருவார்கள். இந்த நிலையில் ஆக்லாந்திலிருந்து ருடோ என்ற ஒரு பெண்மணி, இணையத்தில் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு, கச்சேரிக்கு அழைத்தார். ஜிம்பாப்வேயின் பழைய வாத்தியமான ம்பிராவைக் கம்ப்யூட்டர் இசையோடு கலந்து வாசிக்கிறவர். இங்கே எனக்கு இரண்டு நிமிடம்தான், அங்கே எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதினேன். இருபது நிமிடம் தனியாக என்று பதில் வந்தது. தட்டச்சில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டதோ என்று திரும்பவும் கேட்டேன். இருபதுதான். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் பிராவிடண்ட் பண்டில் கைவைத்து விமானம் ஏறினேன்.

தங்கியது பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில், அருளப்பு அண்ணன் வீட்டில். மன்னார்க்காரர். அகதியாகத் திருச்சியில் இருந்த காலத்தில் எங்கள் பக்கத்து வீடு. ஆக்லாந்து வந்து குளிர்பதனப் பெட்டி செய்யும் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். விமான நிலையத்தில் மெழுகுக் கதையைக் கேட்டதும், “அதுக்கேன் தம்பி முகத்தைத் தொங்கப் போடுறீர்? இஞ்சத்தைத் தேனீயும் மெழுகுதான் போடுது” என்று போகும் வழியிலேயே ஒரு கடையில் உள்ளூர் மெழுகு வாங்கித் தந்தார். ரஞ்சினி அக்கா இடியப்பமும் சொதியும் செய்து வைத்திருந்தார். கறிவேப்பிலை போனதைச் சொன்னபோதுதான் அக்காவின் முகம் வாடியது. அவருடைய கொல்லையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று ஆறு வருடமாக ஒரு முழத்திலேயே நிற்கிறது. விடுகிற தளிரை எல்லாம் நத்தை தின்றுவிடுகிறதாம்.

மறுநாள் ருடோ வசிக்கும் ஒடாஹுஹுவுக்கு ஒத்திகைக்குப் போனேன். இந்த ஊர் பஸ்ஸில் இறங்கும்போது ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு உரக்க நன்றி சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். திருச்சியில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கும்போது நாம் சொல்கிற வார்த்தைகள் வேறு. எனக்கு இந்தப் பழக்கம் பிடித்துப்போய், அடுத்து மாறி ஏறிய ரயில் நின்றதும் பிளாட்பாரத்தில் ஓடிப்போய் இன்ஜின் டிரைவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஏதோ விபத்து என்று நினைத்துக் கதவைத் திறந்தார்.

ருடோவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பிழைப்புக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்வதற்கு முன்பே, “வாயைத் திறங்கள்” என்றார். திறந்தேன். கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்து, “முப்பது வருடம் இரும்பைக் கடித்தவருக்கு முன்பல் இவ்வளவு நன்றாக இருக்கிறதே. எங்கள் டாக்டர் நம்பவே மாட்டார்” என்றார். என் வாசிப்பைப் பற்றி இத்தனை வருடத்தில் யாரும் இவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை.

ஒத்திகை அவர் வீட்டு கராஜில். ம்பிரா என்பது புத்தக அளவில் ஒரு மரப்பலகை. அதில் இருபத்திரண்டு இரும்புப் பட்டைகள், வரிசையாக. கட்டைவிரல்களால் அழுத்தி விட்டால் தண்ணீரில் மணி அடித்ததுபோல் ஒலிக்கிறது. பலகையை ஒரு பெரிய சுரைக்குடுக்கைக்குள் வைத்து மடியில் சாய்த்துக்கொள்கிறார். பக்கத்தில் கம்ப்யூட்டர். அதில் அவர் சேர்த்து வைத்திருக்கும் சத்தங்களைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒடாஹுஹு மெயின் ரோட்டில் பாதசாரிகள் சாலையைக் கடக்கும்போது கம்பத்திலிருந்து வருமே, முதலில் டொக்... டொக் என்று நிதானமாக, பிறகு டொக்டொக்டொக் என்று விரட்டுகிற சத்தம், அதுதான் தாளம். அவர் வீட்டு வாஷிங் மெஷின் துணி பிழிகிற ஓசை அடியில் ஓடுகிறது. பஸ் கதவு மூடுகிற பெருமூச்சை அங்கங்கே தெளித்திருக்கிறார். இவற்றின் மேல் அவருடைய முப்பாட்டன் காலத்துப் பாட்டு. முதல் பத்து நிமிடம் என்னடா இது என்றிருந்தது. பதினோராவது நிமிடம் என் கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது.

மதியம் ‘சட்சா’ என்று ஒன்று போட்டார். மக்காச்சோள மாவில் கிண்டிய களி. கீரையைக் கடலை விழுதில் வேகவைத்துத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார். இருவரும் கையாலேயே உருட்டிச் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் கேழ்வரகில் இதையே செய்வோம் என்றேன். “அப்படியானால் நீங்கள் கேழ்வரகில் செய்கிற ஜிம்பாப்வேக்காரர்” என்று இன்னொரு உருண்டை வைத்தார்.

ஒரே ஒரு விஷயம்தான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ம்பிராவில் ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் ‘ஜிர்ர்’ என்று ஒரு இரைச்சல். பலகையின் அடிப்பக்கத்தில் ஒரு தகரம், அதில் துருப்பிடித்த ஒன்பது சோடா மூடிகளைக் கம்பியால் தொளதொளவென்று கட்டியிருந்தார். லாரிக்கு முன்னால் பழைய செருப்பைக் கட்டுவதுபோல் திருஷ்டிக்காக இருக்கும் என்று முடிவு செய்தேன். கேட்டிருக்கலாம். ஆனால் வாத்தியம் இரைகிறது என்று ஒரு கலைஞரிடம் சொல்வது, உங்கள் பெண்ணுக்கு மாறுகண் என்று சொல்வதற்குச் சமம். பேசாமல் இருந்துவிட்டேன். கிளம்பும்போது அவரே ம்பிராவை என் கையில் கொடுத்தார். “நாளை முழுக்க எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை. இது உங்களிடம் இருக்கட்டும். இதற்கு எந்த மோர்சிங் சேரும் என்று பார்த்துவையுங்கள்.”

திரும்பும்போது பாதையில் ஏதோ வேலை என்று ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டிருந்தார்கள். நான் ஏறியது எதிர்த்திசை பஸ். மனுகாவ் போய் இறங்கியபோதுதான் தெரிந்தது. ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டேன், வேறென்ன செய்வது. ஆனால் அங்கேதான் எங்கள் கச்சேரி மண்டபம் இருந்தது. வாசலில் சுவரொட்டி. ருடோ படமும் என் படமும் ஒரே அளவு. முப்பது வருடத்தில் எந்த அழைப்பிதழிலும் என் பெயர் ‘மற்றும் பலர்’ என்பதற்குள்தான் இருந்திருக்கிறது. வழியில் போன ஒரு டோங்கா நாட்டுப் பெண்மணியை நிறுத்தி என்னையும் சுவரொட்டியையும் சேர்த்துப் படம் எடுத்துத் தரச் சொன்னேன்.

“இது நீங்களா? வாயில் என்ன?” என்று கேட்டார்.

“இரும்பு” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு தேங்காய்ப் பன்னை எடுத்துப் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். “பசித்தால் கேட்க வேண்டும், கண்ணு. இந்த ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.” பன் மிக நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள்தான் என் தலைவிதி அருளப்பு அண்ணனின் கராஜில் காத்திருந்தது. அந்தக் கராஜில் ஒவ்வொரு சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் சுவரில் அதன் உருவத்தை வரைந்து அதனதன் இடத்தில் மாட்டியிருப்பார். வீட்டில் ஒரு கதவு கிறீச்சிடாது, ஒரு குழாய் சொட்டாது. “இந்த மனிசன் பின்னாலை வந்து நிண்டாலும் தெரியாது, வீட்டையே ஊமையாக்கிப் போட்டுது” என்று அக்கா குறைப்படுவார். நான் ம்பிராவின் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி மோர்சிங்கோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் உள்ளே வந்தார்.

“உதென்ன தம்பி இரையுது?”

“தெரியலண்ணே. மூடியெல்லாம் ஆடுது. பாவம், அவங்க ஒண்ணும் சொல்லிக்கல.”

“சத்தம் வருதெண்டால் எங்கையோ லூசாய்க் கிடக்குது எண்டு அர்த்தம். முப்பது வருசம் ஃபிரிட்ஜ் பூட்டின எனக்குத் தெரியாதே. அந்தப் பிள்ளைக்கு ஆரும் செய்து குடுக்க ஆளில்லைப் போல. நாங்கள் செய்து குடுப்பம்.”

எனக்கும் அது மிக நல்ல யோசனையாகத் தோன்றியது. களி போட்டு, பல்லைப் பாராட்டி, என் படத்தைச் சரிசமமாகச் சுவரில் ஒட்டியவருக்கு நான் செய்யும் கைம்மாறு என்று எண்ணிக்கொண்டேன். கம்பியை வெட்டினோம். ஒன்பது மூடிகளையும் கழற்றினோம். துருவை உப்புத்தாளால் தேய்த்து, தகரத்தை இறுக்கி, ஆடுகிற இடத்தில் எல்லாம் ரப்பர் வாஷர் வைத்து, மேலே சொட்டு எண்ணெயும் விட்டார். தட்டிப் பார்த்தால் கோயில் மணி. சுத்தமான சுருதி, ஒரு பிசிறு இல்லை. இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டோம். மூடிகளை அண்ணன் மஞ்சள் மூடி போட்ட குப்பைத் தொட்டியில் போட்டார். இரும்பு வேறு, உணவு வேறு என்று பிரித்துப் போடுவதில் அவர் மகா கறார்.

வெள்ளிக்கிழமை காலை குப்பை லாரி வந்து தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போன சத்தத்தில்தான் கண்விழித்தேன். ருடோ நன்றி சொல்லும் காட்சியை நேரில் பார்க்க வேண்டும் என்று அண்ணனே இஸ்திரி போட்ட சட்டையுடன் என்னைக் காரில் ஒடாஹுஹுவுக்கு அழைத்துப் போனார்.

ருடோ பலகையைக் குடுக்கைக்குள் வைத்து நாலு சுரம் வாசித்தார். நிறுத்தினார். இன்னொரு நாலு. பிறகு பலகையை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இதில் இருந்ததெல்லாம் எங்கே?”

அண்ணன் முன்னால் வந்து தன் ஆங்கிலத்தில், “இனி சத்தமே வராது. ஆயுள் உத்தரவாதம்” என்றார்.

ருடோ அப்படியே ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. “அந்த இரைச்சலைத்தான் நாங்கள் கட்டி வைக்கிறோம்” என்றார் மெதுவாக. “வெறும் சுரம் வெறும் சுரம்தான். இரைந்தால்தான் அது பேசுகிறது. எங்கள் ஊரில் ம்பிரா வாசித்துத்தான் முன்னோர்களின் ஆவியை அழைப்போம். இரையாத ம்பிராவைக் கேட்கச் செத்துப்போனவர்கள்கூட வர மாட்டார்கள். உயிரோடிருப்பவர்கள் எப்படி டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள்?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடமாகத் தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்கிறேன். தந்திக்கு அடியில் ஒரு பஞ்சு நூலைச் செருகி, அது ‘ஞொய்’ என்று இரையும்வரை நகர்த்தி நகர்த்தி வைப்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்த நூலுக்கு ஜீவா என்றே பெயர். அதை யாராவது பிடுங்கி எறிந்துவிட்டு எண்ணெய் போட்டுக் கொடுத்திருந்தால் அவரைச் சபாவுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டோம். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

“எனக்கு இரண்டு மணியிலிருந்து பல் பிடுங்குகிற வேலை இருக்கிறது” என்று ருடோ எழுந்தார். “நாளை மதியம் வரை நேரம். எங்கிருந்தாவது இரும்பு மூடிகள் கொண்டுவந்து கட்டுங்கள். பேசினால் சேர்ந்து வாசிக்கலாம். பேசாவிட்டால் நான் கம்ப்யூட்டரை மட்டும் வைத்துத் தனியாகச் சமாளித்துக்கொள்கிறேன். நீங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.” கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. என் இருபது நிமிடம் கண்ணெதிரே கரைவது தெரிந்தது.

பிளாக்ஹவுஸ் பேக்குள் நுழைந்ததும் இரண்டு தெரு தள்ளி அந்தக் குப்பை லாரி தெரிந்தது. அண்ணன் அதுவரை நான் பார்த்திராத வேகத்தில் ஓட்டி, அதை முந்தி, குறுக்கே நிறுத்தினார். ஓட்டுநர் சமோவாக்காரர், வாசற்கதவளவு உடம்பு. இறங்கி வந்து நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“என்ன தொலைந்தது? மோதிரமா?”

“சோடா மூடி” என்றேன். “ஒன்பது.”

அவர் லாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், லாரியில் சாய்ந்து நின்று வெகுநேரம் சிரித்தார். “எல்லாம் நசுங்கி அப்பளமாகியிருக்கும், சகோதரா. ஒன்று செய்யுங்கள். பீர் வாங்குங்கள். குடித்துக்கொண்டே பொறுக்கலாம்.” அவருக்கும் நன்றி சொன்னோம்.

முதலில் தெருமுனை டெய்ரிக்குத்தான் போனோம். பால், பத்திரிகை, லாட்டரி எல்லாம் விற்கிற சின்னக் கடையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே சோடா எல்லாம் பிளாஸ்டிக், மிச்சம் தகர டப்பா. மளிகைக் கடையிலும் அப்படியே. கடைசியில் சாராயக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு அண்ணன் இறங்க மறுத்தார்.

“நான் வரேலாது தம்பி. மடு மாதாவுக்கு நேர்த்தி வச்சுக் குடியை விட்டு அஞ்சு வருசம். கோயிலாக்கள் ஆரும் கண்டால் கதை முடிஞ்சுது. நீர் போம்.”

நான் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை. நெற்றியில் திருநீறோடு உள்ளே போனேன். கடைக்காரர் பஞ்சாபி இளைஞர். எது வேண்டும் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் கேட்டார். “எதன் மூடி நன்றாகச் சத்தம் போடும்?” என்று கேட்டேன். அவர் இதைவிட விசித்திரமான கேள்விகளைக் கேட்டிருப்பார் போலிருக்கிறது. சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு புட்டியின் தலையிலும் தட்டிக் காட்டினார். நான் காதை வைத்துக் கேட்டேன். வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். தாடி வைத்த ஒருவர் இடமிருந்து நான்காவதைச் சிபாரிசு செய்தார். அதில் பத்தும் மற்றவற்றில் எட்டுமாகப் பதினெட்டுப் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கராஜில் கதவைச் சாத்திக்கொண்டு வரிசையாகத் திறந்தோம். பதினொன்றைத் திறந்து, நுரை வழிகிற புட்டிகளை மேசை மேல் அணிவகுத்து நிறுத்தியபோது ரஞ்சினி அக்கா தேநீரோடு உள்ளே வந்தார்.

அக்கா புட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

“இஞ்சருங்கோ, என்ன உது?”

“நாங்கள் குடிக்கேல்லை. மூடிக்குத்தான் வாங்கினது” என்றார் அண்ணன்.

“கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருசத்திலை எத்தினையோ பொய் கேட்டிட்டன். உப்பிடி ஒண்டு கேக்கேல்லை. ஊதுங்கோ.”

அண்ணன் ஊதினார். அக்கா முகர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, நீங்களும் ஊதுங்கோ” என்றார். ஊதினேன். இரண்டு வாயிலும் காலையில் தின்ற இடியப்ப வாசனைதான். அக்காவுக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. புருஷன் குடித்துவிட்டான் என்றால் என்ன செய்வதென்று தெரியும். பதினொரு புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் புருஷனை என்ன செய்வது?

நடந்ததைச் சொன்னோம். அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “பொம்பிளைப் பிள்ளையின்ரை வாத்தியத்தை அவவைக் கேளாமல் ஏன் தொட்டனீங்கள்? இரண்டு பேருக்கும் வாயில்லையே? ஒருக்கால் கேட்டிருந்தால் முடிஞ்சுது.” நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அக்கா ஒரு புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “எறியாதேங்கோ. நத்தை பியரிலை விழுந்து சாகுமாம், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சொன்னவ.” அன்று மாலை பிளாக்ஹவுஸ் பேயிலேயே அதிகம் மது அருந்திய இடம் அந்தக் கறிவேப்பிலைக் கன்றின் அடிதான். தயிர்க் கிண்ணங்களில் ஊற்றிச் சுற்றிலும் வைத்தோம்.

மிச்ச ஏழு புட்டிகளையும் திறந்து, மூடிகளைக் கட்டினோம். ‘தொப் தொப்’ என்றது. பதினெட்டையும் மாற்றி மாற்றிக் கட்டினாலும் அதே தொப். அண்ணன் வழக்கம்போல் எதையோ இறுக்கப் போனார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டு ஒரு மூடியை வாங்கி நகத்தால் சுரண்டினார். “உள்ளுக்கை பிளாஸ்டிக் ஒட்டியிருக்குது. காதுக்கை பஞ்சை வச்சுக்கொண்டு பாடெண்டால் என்னெண்டு பாடும்?”

அடுப்பில் காட்டி, கொண்டை ஊசியால் அந்தப் பிளாஸ்டிக்கை ஒவ்வொன்றாக எடுத்தோம். பிறகு அக்கா பதினெட்டையும் சமையலறைக் கல்மேடையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். இருபது வருடம் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். “இது சரியில்லை. இது பரவாயில்லை. இது சளி பிடிச்சது.” ஒன்பதைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். கம்பியைத் தளர்வாக, ஆடுகிறமாதிரிக் கட்டச் சொன்னபோது அண்ணன் இரண்டு முறை இடுக்கியைக் கீழே வைத்தார். ஒரு பொருளை வேண்டுமென்றே லூசாக விடுவது அவர் தொழில் தர்மத்துக்கே விரோதம். கண்ணை மூடிக்கொண்டு கட்டினார். தட்டிப் பார்த்தேன். ஜிர்ர் என்றது. உலகத்தில் அதைவிட இனிமையான சத்தம் அன்றைக்கு இல்லை.

சனிக்கிழமை மதியம் ருடோ வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை எழுதியவர்கள் மாதிரி சுவரோரம் நின்றோம். வாசித்தார். இரண்டு மூடிகளை இடம் மாற்றினார். திரும்ப வாசித்தார். “பேசுகிறது” என்றார். “பழைய குரல் இல்லை. கொஞ்சம் ஆக்லாந்துக்காரர் மாதிரிப் பேசுகிறது. பரவாயில்லை, நானும் அப்படித்தானே பேசுகிறேன்.” நான் கும்பிட்டேன். முதல் முறையாக அந்த வாத்தியத்தைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். எண்ணெய் விட்ட இடத்தைத் துடைக்கட்டுமா என்று. “தொட வேண்டாம்” என்றார்.

மாலை மனுகாவ் மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. ருடோவின் ஊர்க்காரர்கள், பல் டாக்டர், அருளப்பு அண்ணனின் தேவாலயக் கூட்டம் எல்லாரும் வந்திருந்தார்கள். மேடைக்கு நடுவில் எனக்கு ஆசனம். ஓரம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் எந்தப் பக்கம் சாய்வதென்றே தெரியவில்லை. பாதசாரிக் கம்பம் டொக் டொக் என்று ஆரம்பித்தது. வாஷிங் மெஷின் சுற்றியது. ம்பிரா இரைந்தது. அரைமணி நேரம் கழித்து ருடோ என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். என் இருபது நிமிடம்.

ஆரம்பித்தேன். கை தானாக ஓடியது. கொஞ்சம் நடை, கொஞ்சம் திஸ்ரம், மோரா, முடிவுக் கணக்கான கோர்வை மூன்று முறை, தாளம் தொடங்குகிற சமத்தில் வந்து டக்கென்று நின்றேன். மோர்சிங்கைக் கீழே வைத்து அவையைக் கும்பிட்டேன். கைதட்டல். மணி பார்த்தால் இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. முப்பது வருடப் பழக்கம், என்னைக் கேட்காமலே முடித்துவிட்டது.

ருடோ வாசிப்பை நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே மைக்கில், “இவர் ஊரில் இவருக்கு இரண்டு நிமிடம்தான் தருவார்களாம். இன்னும் பதினெட்டு இருக்கிறது. நமக்கு ஒன்றும் அவசரமில்லை, இல்லையா?” என்றார். அவை முழுக்கச் சிரித்தது. காது சிவக்க மறுபடியும் எடுத்தேன்.

குருநாதர் சொல்லித் தந்ததை எல்லாம் வாசித்தேன். அது எட்டு நிமிடத்தில் தீர்ந்தது. அவர் வாசிக்கக்கூடாது என்று சொன்னதை வாசித்தேன். அதுவும் தீர்ந்தது. கணக்கெல்லாம் காலியான பிறகு மூச்சு மட்டும்தான் மிச்சம். ஒரே சுரத்தில் மூச்சை உள்ளே வெளியே என்று விட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது மூடிகளும் என் இரும்பும் சேர்ந்து இரைந்ததில் எது அவருடையது எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. அழுகை வந்தது. மோர்சிங் வாயில் இருக்கும்போது அழுதால் சுருதி போய்விடும் என்பதால் மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டேன்.

எப்படி முடிப்பது என்பதுதான் தெரியவில்லை. எங்கள் ஊரில் மிருதங்க வித்வான் கையைக் காட்டுவார், முடிப்போம். இங்கே காட்ட யாருமில்லை. கச்சேரி அவருடையது, அவர் முடிக்கட்டும் என்று நான் ருடோவைப் பார்த்தேன். வயதில் மூத்தவர் முடிக்கட்டும் என்று அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்தால் அவரும் தலையசைத்தார். இன்னும் வாசியுங்கள் என்கிறார் என்று நான் வாசித்தேன், அவரும் அப்படியே நினைத்து வாசித்தார். தேவாலயக் கூட்டத்தில் இரண்டு பேர் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மண்டபத்தைப் பூட்ட வேண்டிய காவலாளி திரைக்குப் பக்கத்தில் வந்து இருமினார், கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், கடைசியில் சுவர்ப் பலகைக்குப் போய் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசி விளக்கும் போனபோது இருட்டில் இருவரும் ஒரே அடியில் நின்றோம்.

நாற்பத்தோரு நிமிடம் என்றார் அருளப்பு அண்ணன். இந்த முப்பது வருடத்தில் என்னை நிறுத்த யாருக்கும் ஒரு கையசைவுக்கு மேல் தேவைப்பட்டதில்லை. அன்றைக்கு ஒரு மண்டபத்து விளக்கு முழுவதையும் அணைக்க வேண்டியிருந்தது.